வெளிமாநிலப் பெண் நோயாளியிடம் மருத்துவர் சொன்னது போய்ச் சேர்கிறதா? சேலம், ஏற்காடு வட்டாரத்துக்கான கேள்வி பதில்கள்

இந்தக் கேள்வி பதில்கள் யாருக்காக?

சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பங்களோடு நாள்தோறும் பழகுகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. ஆரம்ப சுகாதார நிலையத்து ஸ்டாஃப் நர்ஸ், கிராம சுகாதார செவிலியர், மருந்துக்கடைக்காரர், எஸ்டேட் ரைட்டர், பட்டறை முதலாளி, லைன் வீட்டுக்கு (தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய வீடு) அடுத்த வீட்டில் இருப்பவர், துணைக்கு ஓபி வரை போகிறவர் என எல்லோரும் இதில் அடக்கம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளிலும், ஆத்தூர் வழியிலுள்ள சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளிலும், செங்கல் சூளைகளிலும், கட்டட வேலைகளிலும், ஏற்காட்டுக் காபித் தோட்டங்களிலும் ஜார்கண்ட், பீகார், ஒடிசா, அசாம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களைச் சேர்ந்தவர்கள் வேலை செய்கிறார்கள். கட்டடங்களுக்கும் பட்டறைகளுக்கும் பெரும்பாலும் ஆண்கள் தனியாக வருகிறார்கள். சூளைக்கும் தோட்டத்துக்கும் குடும்பத்தோடு வருகிறார்கள். அதனால் பெண் நோயாளி பற்றிய கேள்விகள் மலையிலும் சூளையிலும்தான் முதலில் எழுகின்றன.

சுகாதார எழுத்தறிவு என்பது எழுதப் படிக்கத் தெரிவதுதானா?

அது அதன் ஒரு பகுதி மட்டுமே. டான் நட்பீம் என்ற பொது சுகாதார அறிஞர் 2000ஆம் ஆண்டில் இதை மூன்று நிலைகளாகப் பிரித்துக் காட்டினார். சொல்லப்பட்டதைப் புரிந்துகொண்டு அதன்படி நடப்பது முதல் நிலை. மருத்துவரோடு பேசி, சந்தேகம் கேட்டு, தனக்கு வேண்டியதைத் தெரிந்துகொள்வது இரண்டாவது. தெரிந்துகொண்டதை எடைபோட்டுத் தன் உடலைப் பற்றிய முடிவைத் தானே எடுப்பதும், அதற்குத் தடையாக இருக்கும் சூழ்நிலையை மாற்ற முயல்வதும் மூன்றாவது.

எட்டாம் வகுப்பு வரை ஹிந்தியில் படித்த பெண் தமிழில் எழுதிய மருந்துச் சீட்டின் முன்னால் எழுத்தறியாதவராகி விடுகிறார். சேலத்துப் பட்டதாரி ஒருவர் ராஞ்சியில் மருத்துவமனைப் பலகைகளின் முன் நின்றால் அவர் நிலையும் அதுதான். எனவே நோயாளிக்கு அறிவு போதவில்லை என்று சொல்வதற்கு முன், அவருக்குப் புரியும் விதத்தில் நாம் சொன்னோமா என்று பார்க்க வேண்டும். சுகாதார எழுத்தறிவில் பாதி நோயாளியிடம் இருக்கிறது என்றால் மறுபாதி மருத்துவமனையிடம்தான் இருக்கிறது.

இதில் ஆண், பெண் என்ற வேறுபாடு எங்கிருந்து வருகிறது? மொழி தெரியாதது இருவருக்கும் பொதுதானே?

மொழி தெரியாமல் வருவது இருவருக்கும் பொது. ஆனால் வந்து ஆறு மாதம் ஆன பிறகு நிலைமை வேறாகி விடுகிறது. ஆண்கள் டீக்கடை, பஸ், மளிகைக்கடை, மேஸ்திரியின் திட்டு என்று நாலு பக்கமும் தமிழைக் கேட்டுக் கேட்டு ஓரளவு பேசக் கற்றுக்கொள்கிறார்கள். பெண்கள் காலையில் தங்கள் ஊர்ப் பெண்களோடு காபிப் பழம் பறிக்கப் போய், மாலையில் லைன் வீட்டுக்குத் திரும்பி, அடுப்பு மூட்டி, குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார்கள். சந்தைக்குப் போவதும் பெரும்பாலும் கணவர்தான். ஆகவே ஒரே வீட்டில் ஒரே காலம் தங்கியிருந்தாலும் மருத்துவமனையில் பேசுகிற அளவுக்கு மொழி கணவருக்கு வருகிறது, மனைவிக்கு வருவதில்லை.

செல்பேசியும் அப்படித்தான். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் தாங்களே பயன்படுத்தும் செல்பேசி வைத்திருந்த பெண்கள் ஏறத்தாழ 54 விழுக்காடு. அடுத்த ஸ்கேன் தேதி, தடுப்பூசி நினைவூட்டல், பரிசோதனை முடிவு ஆகிய எல்லாம் எந்த எண்ணுக்குப் போகின்றன என்று ஓபி சீட்டைப் பார்த்தால் தெரியும். கணவருடைய எண் இருக்கும். சில சமயம் கூட்டிவந்த காண்ட்ராக்டருடைய எண்கூட இருக்கும்.

இந்தக் கேள்வி பதில்கள் முழுவதிலும் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். வெளிமாநிலப் பெண் நோயாளிக்கு மருத்துவச் செய்தி நேராகப் போவதில்லை. இன்னொருவர் வழியாகப் போகிறது. அந்த இன்னொருவர் பெரும்பாலும் ஆண், பல நேரங்களில் அந்தப் பெண்ணுக்குக் கூலி கொடுப்பவரின் ஆள். போகிற வழியில் சொல் தேய்கிறது, சில நேரம் மாறுகிறது, சில நேரம் நின்றே போகிறது. இந்த வழியைச் சரிசெய்யாமல் விழிப்புணர்வு நோட்டீஸை ஹிந்தியில் அச்சடித்துச் சுவரில் ஒட்டுவதால் பெரிய பயன் இல்லை.

கணவரோ மேஸ்திரியோ பேசினால் என்ன தவறு? அவர்கள் உதவிக்குத்தானே வருகிறார்கள்?

உதவிக்குத்தான் வருகிறார்கள், அதில் சந்தேகமில்லை. அரை நாள் கூலியை விட்டுவிட்டு வருகிற கணவரைக் குறை சொல்வது நியாயமும் அல்ல. ஆனால் ஓபியில் நடப்பதைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். டாக்டர் அந்தப் பெண்ணைப் பார்த்து, "எத்தனை நாளா வலி இருக்கும்மா?" என்று கேட்கிறார். பின்னால் நிற்கும் மேஸ்திரி, "ரெண்டு நாளா சார்" என்கிறார். அந்தப் பெண்ணிடம் அவர் கேட்கவே இல்லை. ரெண்டு நாளாக அவர் வேலைக்கு வரவில்லை, அதுதான் மேஸ்திரிக்குத் தெரிந்த கணக்கு. வெள்ளைப்படுகிறதா, மாதவிலக்கு எப்போது வந்தது என்று கேட்டதும் மேஸ்திரி சுவரைப் பார்க்கிறார், பிறகு "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்கிறார். அந்தப் பெண் தலையில் போட்ட சேலையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொள்கிறார். சீட்டில் பாரசிட்டமால் எழுதப்படுகிறது. இதில் யாரும் கெட்டவர் இல்லை. ஆனாலும் நோய் வந்த வழியே திரும்பிப் போகிறது.

பயிற்சி இல்லாதவர் இடையில் நின்று பேசும்போது பிழை எவ்வளவு நுழையும் என்பதை 2003ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று அளந்து காட்டியது. குழந்தை மருத்துவப் பிரிவில் ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களோடு நடந்த 13 சந்திப்புகளைப் பதிவுசெய்து பார்த்ததில் 396 பிழைகள் இருந்தன. அவற்றில் 63 விழுக்காடு சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை. இடையில் நின்று பேசியவர்களில் ஒருவர் நோயாளியின் பதினொரு வயது உடன்பிறப்பு. நம் ஊரிலும் பள்ளிக்குப் போய்த் தமிழ் கற்ற பிள்ளைதான் அம்மாவுக்குப் பேச வருகிறது. தாயின் கருக்கலைப்பைப் பற்றியோ, தந்தையின் பால்வினை நோயைப் பற்றியோ ஒரு குழந்தையின் வாயால் கேட்பது முறையல்ல. அந்தப் பதிலை நம்பி மருந்து எழுதவும் கூடாது.

அப்படியானால் யாரை வைத்துப் பேசுவது? எல்லா மருத்துவமனையிலும் மொழிபெயர்ப்பாளரை நியமிக்க முடியுமா?

முடியாதுதான், ஏற்காடு போன்ற இடத்தில் அதை எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் செய்யக்கூடியவை இருக்கின்றன. அதே ஊர்ப் பெண்களில் தமிழ் நன்றாகப் பழகிய ஒருவர் எந்த எஸ்டேட்டிலும் இருப்பார். சம்பந்தப்பட்ட பெண்ணுக்கு அவர்மேல் நம்பிக்கை இருந்தால், அவரைச் செல்பேசியின் ஒலிபெருக்கியில் போட்டுப் பேசலாம். முகம் தெரியாமல் குரல் மட்டும் கேட்பது சில அந்தரங்கக் கேள்விகளுக்கு நேரில் நிற்பதைவிட வசதியாகவே இருக்கிறது. நோயாளியின் பெயரைச் சொல்லாமலே பேச முடியும். மருத்துவமனை ஊழியர்களில் ஹிந்தி, ஒடியா, வங்காளம் தெரிந்த பெண்கள் யார் யார் என்ற பட்டியலைச் சுவரில் எழுதி வைப்பதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. செல்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலி எங்கே வலி, எத்தனை நாள் என்பது போன்றவற்றுக்குப் போதும். அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதம் வாங்கவோ மருந்தளவு சொல்லவோ அதை நம்பக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. வடக்கிலிருந்து வந்தவர் என்றாலே ஹிந்தி தாய்மொழி என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ஜார்கண்டிலிருந்து வருகிறவர்களில் பலருக்குச் சந்தாலி, முண்டாரி, குடுக், சாத்ரி ஆகியவையே வீட்டு மொழிகள். குடுக் நம் தமிழைப் போலத் திராவிடக் குடும்பத்து மொழி. ஓபியில் அந்த உறவால் யாருக்கும் லாபமில்லை என்பது வேறு. ஹிந்தியில் கேட்டதற்குத் தலையாட்டுகிற பெண்ணுக்கு ஹிந்தியும் பாதிதான் புரிந்திருக்கலாம். ஆண்கள் வேலைத்தலங்களில் ஹிந்தியைப் பழகுவதால், இங்கேயும் இடைவெளி பெண்களுக்கே அதிகம். "வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?" என்று முதலில் கேட்டு, பதிலைச் சீட்டின் தலைப்பில் எழுதிவிட்டால் அடுத்து பார்ப்பவருக்கும் உதவும்.

மாத்திரை கொடுத்தாலும் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லையே, ஏன்?

இது செவிலியர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி, குறிப்பாகக் கர்ப்பிணிகளுக்கான இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றி. மேலே சொன்ன குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் இரத்தசோகை உள்ளவர்கள் ஜார்கண்டில் 65 விழுக்காடு, தமிழ்நாட்டில் 53 விழுக்காடு. ஆகவே வருகிறவருக்கும் இங்கிருப்பவருக்கும் அந்தச் சிவப்பு மாத்திரை தேவைதான்.

ஒரு தோட்டத் தொழிலாளியின் காலையை நினைத்துப் பாருங்கள். விடிவதற்கு முன் எழுந்து, சோறு வடித்து, பாலில்லாத டீயைக் குடித்துவிட்டு, அதோடு இரும்புச்சத்து, கால்சியம் என்ற இரண்டு மாத்திரைகளையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு மலைச்சரிவில் ஏறுகிறார். டீயோடு சாப்பிட்ட இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேர்வதில்லை. கால்சியம் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டாலும் அப்படித்தான். சில நாளில் மலம் கறுக்கிறது, வயிறு புரட்டுகிறது. மலம் கறுப்பது இந்த மாத்திரையின் இயல்பு என்று கணவரிடம் சொல்லியிருப்பார்கள், அல்லது யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். குழந்தைக்கு ஏதோ ஆகிவிடும் என்று மாமியார் ஊரிலிருந்து போனில் சொல்ல, மாத்திரை அட்டை கூரைச் சந்தில் செருகப்படுகிறது. நம் கணக்கில் இது சொன்னதைக் கேளாமை. அந்தப் பெண்ணின் கணக்கில் அது தனக்குத் தெரிந்ததை வைத்து எடுத்த நியாயமான முடிவு.

இதற்கு அனுபவமுள்ள செவிலியர் செய்வது எளியது. இரண்டு அட்டைகளையும் மேசையில் தள்ளித் தள்ளி வைக்கிறார். வெள்ளையான கால்சியத்தைத் தொட்டுச் சோற்றுத் தட்டு போல் கையைக் காட்டுகிறார். சிவப்பைத் தொட்டுக் கன்னத்தில் உள்ளங்கையை வைத்துத் தூங்குவதுபோல் காட்டுகிறார். டீ டம்ளரைக் காட்டிக் கையை ஆட்டி வேண்டாம் என்கிறார். பிறகு அட்டைகளைக் கலைத்துப் போட்டு, "இப்ப நீங்க காட்டுங்க" என்கிறார். அந்தப் பெண் சிவப்பை எடுத்துக் கன்னத்தில் கையை வைத்தால் செய்தி சேர்ந்துவிட்டது. பக்கத்தில் நிற்பவர் "புரிஞ்சுது சிஸ்டர்" என்று சொல்வதை மட்டும் ஏற்றுக்கொள்ளக் கூடாது. "புரிந்ததா?" என்ற கேள்விக்கு எந்த நாட்டிலும் "ஆமாம்" என்ற ஒரே பதில்தான் வரும், திரும்பச் செய்து காட்டச் சொல்வதே சோதனை.

காசநோய் மருந்துக்கும் இதே முறை பொருந்தும். அதில் பெண்களுக்குத் தனியே சொல்ல வேண்டியவை இரண்டு உண்டு. ரிஃபாம்பிசின் மருந்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் அதை இரத்தப்போக்கு என்று எண்ணிப் பயந்து ஆறு மாத மருந்தை முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். அந்த மருந்து கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும் என்பது இரண்டாவது. கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டிக்கு அந்தச் சிக்கல் இல்லை. பக்கத்தில் மேஸ்திரியை வைத்துக்கொண்டு இதை எந்தச் செவிலியரும் சொல்லப்போவதில்லை, எந்தப் பெண்ணும் கேட்கப்போவதில்லை. காசநோயாளிக்கு அரசு தரும் ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். அது அந்தப் பெண்ணின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குப் போகிறதா, வேறு கணக்குக்குப் போகிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

அறுவைச் சிகிச்சைக்கும் கருத்தடைக்கும் யார் கையெழுத்துப் போட வேண்டும்?

பதினெட்டு வயது நிறைந்த, சுயநினைவோடு இருக்கிற பெண்ணுக்கு அவருடைய கையெழுத்தே போதும், அதுவே தேவையும்கூட. சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் இதைத் தெளிவாகச் சொன்னது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த பெண்ணின் தாயிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது தாயின் சம்மதம் மகளின் சம்மதம் ஆகாது என்பது தீர்ப்பு. தாய்க்கே இல்லாத உரிமை மேஸ்திரிக்கு எங்கிருந்து வரும்? நடைமுறையில் கணவரையும் கையெழுத்துப் போடச் சொல்வது மருத்துவமனைகள் தங்கள் பாதுகாப்புக்காக வைத்திருக்கும் வழக்கம். அவர் வந்து சேரும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போட அது காரணம் ஆகாது.

குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்குக் கணவரின் சம்மதம் கட்டாயமில்லை. சத்தீஸ்கரில் 2014 நவம்பரில் கருத்தடை முகாமில் பெண்கள் இறந்த பிறகு, தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. படிவத்தில் உள்ளதை அந்தப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், யோசிக்க ஒரு மணி நேரம் போன்ற இடைவெளி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழ்ப் படிவத்தில் சந்தாலி பேசும் பெண்ணின் கைநாட்டை வாங்கினால் அது மையாக இருக்கும், சம்மதமாக இருக்காது. பிரசவத்தோடு காப்பர்-டி போடும்போதும் இதே கவனம் வேண்டும். தனக்குப் போட்டிருப்பதே தெரியாமல் ஊர் திரும்பியவர் வயிற்றுவலிக்கு என்ன சொல்லி மருந்து கேட்பார்?

நாட்டில் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் 38 விழுக்காட்டை ஒட்டியிருக்க, ஆண்கள் 0.3 விழுக்காடு என்று அதே குடும்ப நல ஆய்வு சொல்கிறது. ஆண்களுக்கான அறுவை எளிது, கத்தியில்லாமலே செய்யலாம் என்பதைக் கணவரிடம் சொல்லுகிற வாய்ப்பையும் நாம் பயன்படுத்துவதில்லை.

கருக்கலைப்புக்கு வரும் பெண் கணவருக்குத் தெரிய வேண்டாம் என்றால்?

1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டமும் அதன் 2021ஆம் ஆண்டுத் திருத்தமும் வயதுவந்த பெண்ணின் சம்மதத்தை மட்டுமே கேட்கின்றன. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், சட்டம் வகுத்த சில பிரிவினருக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தும் வேண்டும். திருமணமாகாத பெண்களுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொல்லிவிட்டது. பெண்ணின் பெயரை வெளியிடுவது தண்டனைக்குரியது. எஸ்டேட் ஆபீஸில் விவரம் சொல்வதும் வெளியிடுவதில்தான் சேரும்.

கர்ப்பிணிக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை என்றால் போலீஸ் வரும் என்று பயந்து மருத்துவமனைக்கே வருவதில்லையே?

அந்தப் பயம் பொய்யல்ல. சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி போலீஸுக்குத் தகவல் கொடுப்பது மருத்துவரின் கடமை. ஆனால் தகவல் கொடுப்பது வேறு, சிகிச்சை கொடுப்பது வேறு. ஒன்றுக்காக மற்றொன்றை மறுக்க முடியாது. கருக்கலைப்பைப் பொறுத்தவரை, சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் தகவலில் சிறுமியின் பெயரைக் குறிப்பிடத் தேவையில்லை என்று மேற்சொன்ன 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பு கூறுகிறது. பதினாறு வயதில் கர்ப்பமான பெண்ணுக்கு இரத்தசோகையும் இரத்த அழுத்தமும் வருகிற வாய்ப்பு அதிகம். அவரை லைன் வீட்டில் ஒளித்து வைப்பது வீட்டுப் பிரசவத்தில் கொண்டுபோய் விடும். இதை வீட்டாருக்கு யாராவது மிரட்டாமல் உட்கார்ந்து சொல்ல வேண்டும். கிராம சுகாதார செவிலியரைவிட அதற்குப் பொருத்தமானவர் இல்லை.

இந்த ஊர் ஆதாரோ ரேஷன் கார்டோ இல்லாதவருக்கு என்ன கிடைக்கும்?

அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, இரத்தம், உணவு, போக்குவரத்து ஆகியவை 2011ஆம் ஆண்டிலிருந்து கர்ப்பிணிகளுக்கு இலவசம். அதற்கு எந்த மாநிலத்தவர் என்பது தடையில்லை. கர்ப்பத்தைப் பதிவுசெய்து ஆர்சிஎச் எண் (தாய்சேய் நலப் பதிவு எண்) வாங்கிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்புப் பதிவின்போது அந்த எண்ணைக் கேட்பார்கள். ஊரில் ஆயுஷ்மான் பாரத் என்ற மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்கியவர் அத்திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இங்கேயும் அதைப் பயன்படுத்தலாம். தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்கு மேல் இருப்பவர் தொழிலாளர் துறை அலுவலரின் சான்றோடு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேரவும் வழி இருக்கிறது. பட்டறையிலோ ஆலையிலோ பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்து, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு, மனைவிக்கும் குழந்தைகளுக்கும் சேர்த்து.

இவற்றில் கவனிக்க வேண்டியது, அட்டை யார் கையில் இருக்கிறது என்பது. பத்திரமாக இருக்கட்டும் என்று ஆதாரையும் மருத்துவ அட்டையையும் காண்ட்ராக்டரிடம் கொடுத்து வைக்கிற வழக்கம் இருக்கிறது. நடு இரவில் வலி எடுத்த பெண்ணுக்கு அது எட்டாத பெட்டி.

பெண் மருத்துவர் இல்லையென்றால் பரிசோதனை செய்யலாமா?

செய்யலாம்; பெண் ஊழியர் ஒருவர் உடன் இருக்க வேண்டும், என்ன செய்யப்போகிறோம் என்பதை முன்பே சொல்ல வேண்டும். கணவரைத் திரைக்கு வெளியே நிற்கச் சொல்வதை எல்லா நோயாளிகளுக்குமான பொது விதியாக வைத்துவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

காயத்தோடு வருகிற பெண் "வழுக்கி விழுந்தேன்" என்கிறார். மேலும் கேட்கலாமா?

தனியாக இருக்கும்போது கேட்க வேண்டும். அடித்தவரே மொழிபெயர்ப்பவராக இருக்கிறபோது கேட்கவே கூடாது. மேலே சொன்ன திரை விதி இதற்காகவும்தான். மலைச்சரிவில் உண்மையாகவே வழுக்கி விழுவார்கள் என்பதால் சந்தேகத்தை முகத்தில் காட்டாமல் கேட்பது நல்லது. 181 பெண்கள் உதவி எண்ணையும், ஒருங்கிணைந்த சேவை மையம் மருத்துவம், சட்ட உதவி, தற்காலிகத் தங்கல் ஆகியவற்றுக்கு வழி செய்யும் என்பதையும் சொல்லி வைக்கலாம். உதவி எண்ணை அச்சடித்த துண்டுச்சீட்டைக் கையில் கொடுப்பது வீட்டில் சிக்கலைக் கூட்டும். மருந்துச் சீட்டின் ஓரத்தில் வெறும் மூன்று இலக்கமாக எழுதிக் கொடுத்தால் போதும். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அரசு, தனியார் என எந்த மருத்துவமனையும் கட்டணமின்றி உடனே முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும் என்பது சட்டம்.

ஆண்களுக்குச் சிக்கலே இல்லையா?

நிறைய இருக்கிறது, வேறு விதத்தில். தனியாக வந்து பத்துப் பேரோடு ஓர் அறையில் தங்கும் இளைஞர், கூலி போய்விடும் என்று இருமலோடு மாதக்கணக்கில் வேலைக்குப் போகிறார். ஆண் என்றால் தாங்க வேண்டும் என்ற எண்ணமும் அதில் சேர்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை வேண்டும் என்பதைப் பட்டறையில் சொல்வதற்கு ஆளில்லை. பால்வினை நோய் அறிகுறிகளோடு மருந்துக்கடையிலோ சந்தை வைத்தியரிடமோ பணத்தைக் கொட்டுகிறார்கள். அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்க்கான சுகவாழ்வு மையமும் எச்ஐவி ஆலோசனை, பரிசோதனைக்கான நம்பிக்கை மையமும் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் பெண் செவிலியரிடம் சொல்லக் கூசுகிறார்கள். தூக்கமின்மை, குடி, ஊர் நினைவு ஆகியவற்றுக்கு 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் பல இந்திய மொழிகளில் பேசலாம்.

கணவரை வெளியே நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டு அவரை அப்படியே விட்டுவிடுவதும் தவறு. அபாய அறிகுறிகளான இரத்தப்போக்கு, வலிப்பு, கண் மங்கல், கடும் தலைவலி, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றை அவரும் தெரிந்துகொள்ள வேண்டும். மனைவியிடம் சொல்லி முடித்த பிறகு, மனைவியின் ஒப்புதலோடு, அவரைத் தனியே உட்கார வைத்துச் சொல்லலாம். இந்த வரிசை மாறக் கூடாது.

எஸ்டேட் நிர்வாகம் என்ன செய்ய முடியும்?

மருத்துவ வசதியும் பிள்ளை மடுவமும் (குழந்தைக் காப்பகம்) தோட்ட முதலாளியின் சட்டப் பொறுப்புகள். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் அப்படி வகுத்தது. அந்தச் சட்டம் பிறகு 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டது. ஆனால் சட்டத்துக்கு அப்பாலும், செலவே இல்லாமல் செய்யக்கூடியவை இருக்கின்றன. 108க்குப் போன் செய்கிற ஆளுக்குத் தமிழ் வராது. எஸ்டேட் பெயரும் வழியும் சொல்லத் தெரியாது. ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன; அதைத் தாண்டிக் கிளைப்பாதையில் எத்தனையாவது மைலில் லைன் வீடு என்பது வண்டி ஓட்டுபவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஒவ்வொரு லைன் வீட்டின் கதவிலும் அந்த விவரத்தைத் தமிழில் எழுதி ஒட்டிவிட்டால், பக்கத்து வீட்டுத் தமிழர் யாராவது அதைப் பார்த்துப் போனில் வாசித்துவிடுவார். நவம்பரில் தொடங்கும் பழம் பறிப்புக் காலத்தில் கர்ப்பப் பரிசோதனைக்குப் போகும் நாளுக்குக் கூலி பிடிக்காமல் இருப்பதும், மேஸ்திரிக்குப் பதில் ஒரு பெண் தொழிலாளியைத் துணைக்கு அனுப்புவதும் நிர்வாகத்தின் கையில்தான் இருக்கின்றன.

நம் மலைமக்களும் வெளியூர் போகிறார்களே, அவர்களுக்கு இது பொருந்துமா?

முழுக்கப் பொருந்தும். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் குடகுக்கும் கேரளத் தோட்டங்களுக்கும் வேலைக்குப் போகின்றன. அங்கே கன்னடமும் மலையாளமும் தெரியாமல் நிற்கிறவர் நம் ஊர்ப் பெண். ஏழாம் மாதத்தில் போய்ப் பிரசவத்துக்கு முன் திரும்புகிறவரின் அட்டையில் இடைப்பட்ட மாதங்கள் வெறுமையாக இருக்கும். அதற்காக அவரைத் திட்டினால் அடுத்த முறை அட்டையையே காட்ட மாட்டார். போகும்போதே அட்டையை எடுத்துப் போகச் சொல்லி, எங்கே பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று விசாரித்துச் சொல்வது பலன் தரும்.

சிகிச்சை நடுவில் இருக்கும்போது ஊருக்குத் திரும்புகிறவருக்கு என்ன கொடுத்தனுப்ப வேண்டும்?

நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி ஆகியவற்றை ஆங்கிலத்தில் தெளிவாக எழுதிய ஒரு தாள் வேண்டும். தமிழ்ச் சீட்டு ஜார்கண்டின் தன்பாத்தில் பயன்படாது. காசநோய் என்றால் நிக்ஷய் எண் (அரசின் காசநோய்ப் பதிவு எண்), கர்ப்பிணி என்றால் தாய்சேய் அட்டை, குழந்தைக்குத் தடுப்பூசி அட்டை. இவற்றின் படம் அந்தப் பெண்ணின் செல்பேசியிலும், அவரிடம் இல்லையென்றால் அவர் நம்புகிற வேறொரு பெண்ணின் செல்பேசியிலும் இருக்கட்டும். சேலம் ஜங்ஷனில் ஆலப்புழை - தன்பாத் எக்ஸ்பிரஸ் ஏறினால் ராஞ்சிப் பக்கம் போய்ச் சேர இரண்டு இரவுகளாவது ஆகும். அங்கிருந்து கிராமத்துக்குப் போய், சுகாதார நிலையத்தைக் கண்டுபிடித்துப் பதிவுசெய்ய மேலும் சில நாள் பிடிக்கும். எனவே குறைந்தது இரண்டு வாரத்துக்கான மாத்திரையைக் கொடுத்து, அது எத்தனை நாளைக்கு வரும் என்பதை அந்தப் பெண்ணையே எண்ணிக் காட்டச் சொல்லிவிட்டு அனுப்ப வேண்டும்.